ஐந்து பெட்டியும் ஒரு பாட்டியும்

1931-ஆம் வருஷம். இங்கிலாந்தில் ஒரு சினிமாக் கொட்டகை. ஆலன் ப்ளும்லைன் என்ற இளம் இஞ்சினீயர், பின்னால் தமக்கு மனைவியாக வாய்த்த டோரீனுடன் படம் பார்க்கப் போயிருந்தார். திரையில் நடிகர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார். குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது! ப்ளும்லைனுக்குப் பொறுக்கவில்லை. ஆள் போகிற இடத்துக்கெல்லாம் குரலையும் கூடவே அனுப்பத் தமக்கு ஒரு வழி தெரியும் என்று டோரீனிடம் சொன்னாராம். சொன்னதோடு நிற்கவில்லை, அந்த வருஷம் டிசம்பரிலேயே பேடண்ட் கேட்டு மனுப் போட்டுவிட்டார். இன்று நாம் 'ஸ்டீரியோ' என்று சொல்கிறோமே, அதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். யுத்த காலத்தில், 1942-இல், ஒரு விமான விபத்தில் 38 வயதிலேயே காலமாகிவிட்டார், பாவம்!

ஆளோடு குரலும் போகவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. இன்று நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது என்ன? கார் இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கம் பறக்கிறது. ஹெலிகாப்டர் பின் மண்டையைச் சுற்றி வட்டமிடுகிறது. பேசுகிற பேச்சுத்தான் காதில் விழமாட்டேன் என்கிறது! "அவள் இப்போ என்னடி சொன்னாள்?" என்று பாட்டி கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர்கள் படத்தில் லயித்திருக்கிறார்கள். இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். "பாட்டிக்குக் காது மந்தம்" என்று தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது.

"ஸ்பீக்கர்களை மாற்றினால்தான் சரிப்படும்" என்கிறார் வீட்டுக்காரர். "இருக்கிற ஐந்து பெட்டி போதாதா? ஆறாவது பெட்டியைக் கொலுப்படியிலா வைப்பது?" என்கிறார் வீட்டுக்காரி. இருவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் பெட்டியை, எந்த வரிசையில் மாற்றுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வீட்டுக்காரர் கட்சியைக் கேட்போம். டிஜிட்டல் ஒலி வீட்டுக்கு வருமுன் இருந்த ஏற்பாட்டில், இரண்டு தடத்தில் பதிந்த ஒலியிலிருந்தே நான்கு தடங்களைப் பிரித்து எடுத்தார்கள். பின்னால் எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒலிதான். அதிலும் விநாடிக்கு ஏறக்குறைய 7,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நுண்ணிய ஒலியை வெட்டிவிடுவார்கள். ஆகவே, பின் பக்கத்துக்குத் தீப்பெட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர் போதுமாக இருந்தது. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' என்ற படத்தோடு டால்பி டிஜிட்டல் கொட்டகைக்கு வந்தது. மறு வருஷம் 'ஜுராஸிக் பார்க்' படத்தோடு டி.டி.எஸ். வந்தது. பிறகு இரண்டும் வீட்டுக்கும் வந்தன. இவற்றில் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து பெட்டிக்கும் தனித்தனித் தடம். பின் பெட்டிகளுக்கும் முழு ஒலி. ஆறாவதாகக் கனத்த ஒலிக்கு மட்டும் ஒரு சின்னத் தடம். அது விநாடிக்கு 120 அதிர்வுகள் வரைதான் போகும் என்பதால் முழு எண்ணாகக் கணக்கில் சேர்க்காமல் 'பாயிண்ட் ஒன்று' என்று வைத்தார்கள். '5.1' என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான். ஆக, பழைய செட்டோடு வந்த தீப்பெட்டி ஸ்பீக்கர்களால் புதிய ஒலியைச் சுமக்க முடியாது என்று வீட்டுக்காரர் சொன்னால், அது வாஸ்தவம்.

இனிப் பாட்டியின் கட்சி. படத்தில் வரும் வசனத்தில் பெரும்பகுதி நடுப் பெட்டிக்குத்தான் போகிறது. வீட்டில் அந்த நடுப் பெட்டியின் நிலைமையைப் பாருங்கள்! ஷோகேஸின் கீழ்த் தட்டில், தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பின்னால், முழங்கால்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். அதைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, காதைப் பார்த்தாற்போல் வையுங்கள். காலணாச் செலவில்லை.

வயது ஆக ஆக, காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, நன்றாகவே கேட்கும். க, த, ப, ஸ போன்ற மெய்யொலிகளின் அடையாளம் உச்ச ஒலியில் இருக்கிறது. எனவே 'படி' என்றார்களா, 'கடி' என்றார்களா, 'தடி' என்றார்களா என்று தெரியாது. யாரோ பேசுவது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. மொத்தச் சத்தத்தையும் கூட்டினால் 'டமடம'வும் சேர்ந்து கூடி, பேச்சை இன்னும் அமுக்கிவிடும். ஸப்-வூஃபரைப் பெரிதாக வாங்கினால் பாட்டிக்குத் தொல்லைதான். ஸப்-வூஃபரைக் கொஞ்சம் குறைத்து, நடுப் பெட்டியை இரண்டு மூன்று டெசிபல் கூட்டினால் அவருக்குச் சௌகரியம்.

பணத்தை எடுக்குமுன் இன்னும் சில காரியங்கள் உண்டு. ரிஸீவரில் 'டெஸ்ட் டோன்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் மழை பெய்வதுபோல் ஒவ்வொரு பெட்டியிலும் மாறி மாறி 'சோ'வென்று சத்தம் வரும். நீங்கள் உட்காரும் இடத்தில் எல்லாம் ஒரே அளவாகக் கேட்கவேண்டும். அதேபோல், ஒவ்வொரு பெட்டியும் எத்தனை அடி தூரம் என்று நாடா வைத்து அளந்து பதியுங்கள். ஒலி ஓர் அடி கடக்க விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. கிட்டத்திலுள்ள பெட்டியைச் சற்றுக் காக்கவைத்து, எல்லா ஒலியும் ஒன்றாக வந்து சேரும்படி ரிஸீவரே பார்த்துக்கொள்ளும்.

வயர்களில் சிவப்பு சிவப்போடும், கறுப்பு கறுப்போடும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு பெட்டியில் மாறியிருந்தாலும் கனத்த ஒலி சோகை பிடித்துப் போகும்; பேச்சு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. நடுப் பெட்டியே இல்லாத வீட்டில், இருப்பதாக ரிஸீவருக்குச் சொல்லி வைத்திருந்தால் வசனம் அடியோடு போய்விடும்! டெலிவிஷன் தொடர் இரண்டு தடத்தில் வந்தால், 'ஸ்டீரியோ' என்பதை மாற்றி 'டால்பி ஸரவுண்டு' முறையை வையுங்கள். பேச்சு நடுப் பெட்டிக்கு வந்து சேரும். இரவு நேரத்துக்கென்று 'நைட் மோட்' என்று ஒன்று இருந்தால், அதையும் உபயோகியுங்கள். அது வெடிச் சத்தத்தை அடக்கி, தணிந்த பேச்சை உயர்த்திக் கொடுக்கும். தூங்கும் குழந்தைக்கும் நல்லது.

கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று எதிரொலித்தால் வழவழப்பான தரையும் வெற்றுச் சுவரும் பேச்சைக் குழப்புகின்றன என்று அர்த்தம். ஒரு ஜமக்காளமும், கனமான திரைச்சீலையும் செய்கிற உபகாரத்தைப் புதிய ஸ்பீக்கர்கூடச் செய்யாது.

இவ்வளவும் செய்த பிறகும் குறை இருந்தால், தாராளமாகக் கடைக்குப் போங்கள். முதல் பணம் முன்னாலுள்ள மூன்று பெட்டிகளுக்கு. மூன்றும் ஒரே கம்பெனியில், ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். இல்லாவிட்டால், இடப் பக்கம் தேனாகப் பேசிக்கொண்டு வரும் கதாநாயகிக்கு நடுவில் வந்ததும் ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்! இரண்டாவது பணம் பின் பெட்டிகளுக்கு. நம் வீடுகளில் ஸோபா சுவரோடு ஒட்டியிருப்பதால் பின்னால் இடம் இராது. உட்கார்ந்திருப்பவருக்கு இரு பக்கமும், சற்றுப் பின் தள்ளி, காதுக்கு இரண்டடி உயரத்தில் மாட்டினால் போதும். கடைசிப் பணந்தான் ஸப்-வூஃபருக்கு. அதை எங்கே வைப்பது என்று தெரிய ஒரு தந்திரம் உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் அதை வைத்துப் பாடவிட்டு, நீங்கள் கூடத்தைச் சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் ஒலி அளவாகக் கேட்கிறதோ, அந்த இடந்தான் அதற்கு. அடியில் தடித்த ரப்பர் போடுங்கள். கீழ் வீட்டுக்காரர்களோடு நாளைக்கும் முகம் கொடுத்துப் பேசவேண்டும் அல்லவா?

கடைக்காரர் வாட்ஸ் கணக்கைச் சொல்லி மலைக்க வைப்பார். 'பி.எம்.பி.ஓ.' என்று போட்ட பிரம்மாண்டமான எண்ணை மறந்துவிடுங்கள், 'ஆர்.எம்.எஸ்.' எவ்வளவு என்று கேளுங்கள். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே, 50-க்குப் பதில் 100 என்பதால் பிரமாத வித்தியாசம் ஒன்றும் வந்துவிடாது. உங்கள் ரிஸீவர் எத்தனை ஓம்ஸ் பெட்டியைத் தாங்கும் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். அதற்குக் குறைந்த ஓம்ஸ் உள்ள பெட்டி வேண்டாம்.

கடையில் யுத்தக் காட்சியைப் போட்டுக் காட்டுவார்கள். கூடாது என்று சொல்லுங்கள். இரண்டு பெண்கள் மெதுவாகப் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் பாட்டியையே அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வையுங்கள். அவரைவிட நல்ல பரிசோதகர் அந்தக் கடையில் யார்? அப்போதும் பேச்சுப் பிடிபடவில்லை என்றால், அடுத்தபடி காது வைத்தியரிடம் போகலாம். வைத்தியர் சொல்லவேண்டிய தீர்ப்பை நாம் சொல்ல வேண்டாம்.

பெட்டி நன்றாக அமைந்துவிட்டதா என்று அறிய மீட்டர் ஒன்றும் வேண்டியதில்லை. தொடர் நடக்கும்போது பாட்டி, "அவள் சொல்கிறது கொஞ்சங்கூட நியாயமில்லை!" என்று சண்டைக்கு வந்துவிட்டால், உங்கள் பணம் வீணாகவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.