தாத்தா காலத்து அம்பாசிடருக்கு புது இன்ஜின் போடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தாத்தா வாங்கிய அம்பாசிடரை விற்க மனசில்லாமல் ஷெட்டில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் தயாரிப்பு நின்றுவிட்டது. ஸ்பேர் கிடைப்பது கஷ்டம். அதனால், 'புது இன்ஜின், புது சஸ்பென்ஷன் போட்டு ஓட்டலாமே' என்ற யோசனை வருகிறது. போடலாமா?

எதை மாற்றலாம்?

அம்பாசிடரின் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் கமான் பட்டை. தேய்ந்த பட்டை, புஷ், ஷாக் அப்சார்பரை அதே வகையில் மாற்றுவது பழுதுபார்ப்புதான். ஆனால் புது சஸ்பென்ஷனுக்காக சேஸிஸை வெட்டி வெல்டிங் வைத்தால் கதை வேறு.

இன்ஜினில் என்ன சிக்கல்?

பழைய அம்பாசிடரில் இருப்பது 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். 1990-களில் அதே கம்பெனி 1,817 சிசி இசுசு இன்ஜினையும், 5 கியர் பாக்ஸையும் கொடுத்தது. 'அதுவும் அம்பாசிடர் இன்ஜின்தானே' என்று தூக்கிப் போட்டால், இன்ஜின் நம்பர், சிசி இரண்டுமே ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகாது. வேகம் கூடும்போது பழைய டிரம் பிரேக் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சட்டம் அனுமதிக்கும் மாற்றத்துக்கும் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், செய்த 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம்.

50 வயதைத் தாண்டிய வண்டியா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டிய காரை 'விண்டேஜ்' ஆகப் பதியலாம். கட்டாயம் இல்லை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்கு பழைய நம்பரே தொடரும். ஆனால் இன்ஜின், சேஸிஸ், பாடி எல்லாம் ஒரிஜினலாக இருக்கணும். கண்காட்சி, ராலி, பெட்ரோல், சர்வீஸ் போன்ற தேவைக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்ட முடியாது.

என்ன செய்யலாம்?

அன்றாடம் ஓட்டும் வண்டியா, காப்பாற்றி வைக்கும் வண்டியா என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். ஓட்டணும் என்றால், ஒர்க் ஷாப்பில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி. புக்கோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள். காப்பாற்றணும் என்றால், பழைய இன்ஜினையே ரீபோர் செய்து ஓடவையுங்கள். அதைக் கழற்றி பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், விண்டேஜ் வாய்ப்பும் அதோடு போய்விடும்.