ஆட்டோ கட்டணத்தில் அளக்கப்படும் அறிவியல்

2026 ஜனவரி 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி62 ராக்கெட், மூன்றாவது அடுக்கு எரிந்து முடியும் தறுவாயில் தடம் மாறியது. இஒஎஸ்-என்1 உள்பட 16 செயற்கைக்கோள்களும் வீணாயின. எட்டு மாதங்களுக்கு முன்பு, 2025 மே 18-ல் சி61 தோற்றதும் இதே மூன்றாவது அடுக்கில்தான். பொங்கல் வாழ்த்துகள் வந்து குவிந்த கைபேசிகளில் ராக்கெட் துணுக்குகளும் சேர்ந்து குவிந்தன. மலிவாகச் செய்தால் இப்படித்தான் ஆகும், இதற்குத் தீபாவளி வாணமே தேவலை என்கிற தொனியில் படித்தவர்களே எழுதினார்கள்.

அந்தத் துணுக்குகள் எனக்குக் கோபமூட்டின. ஆனால், இதே கைகள் பத்தாண்டுகளாகப் பரப்பிவந்த இன்னொரு துணுக்கு அதைவிடக் கோபமூட்டுகிறது. செவ்வாய்க்கு நாம் ஹாலிவுட் படச் செலவைவிடக் குறைவாகப் போனோம், கிலோமீட்டருக்கு ஆட்டோ கட்டணம்கூட ஆகவில்லை என்ற பெருமைத் துணுக்கு அது. முதலாவது கேலி, இரண்டாவது பாராட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் அறிவியலை விலைச்சீட்டைப் பார்த்து மதிப்பிடுகிற ஒரே பழக்கத்திலிருந்து வருபவை.

2014 ஜூன் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் பிரதமர் மோடி, மங்கள்யானின் செலவு ‘கிராவிட்டி’ படத்தின் செலவைவிடக் குறைவு என்றார். செப்டம்பரில் கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்த சில நாட்களில், நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் அகமதாபாத் ஆட்டோ கட்டணத்தோடு ஒப்பிட்டு, நாம் கிலோமீட்டருக்கு 7 ரூபாயில் போனோம் என்றார். அரங்கம் அதிர்ந்தது. ஏறத்தாழ அதே நாட்களில் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. விண்வெளி மேட்டுக்குடியினர் மன்றத்தின் கதவை, மாட்டைக் கையில் பிடித்தபடி ஒரு இந்திய விவசாயி தட்டுகிறார். இங்கே எதிர்ப்பு கிளம்பியது; அந்தப் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. 2023-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்குவதற்கு முன்பு நடிகர் பிரகாஷ்ராஜ் தேநீர் ஆற்றும் மனிதரின் கேலிச்சித்திரம் ஒன்றைப் பகிர்ந்ததற்குக் காவல் நிலையம் வரை புகார் போனது. வெளியிலிருந்து ஒருவர் கேலி செய்தால் நமக்கு ரோஷம் வருகிறது. நாமே நம் விஞ்ஞானிகளை ஆட்டோ கட்டணத்தோடு ஒப்பிட்டால் கைதட்டல் வருகிறது. சந்திரயான்-3-ன் 615 கோடி ரூபாயை ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தோடு ஒப்பிட்ட பதிவுக்கு ஈலான் மஸ்க் ஒரு வரி பாராட்டுச் சொன்னபோது அதையே தலைப்புச் செய்தியாக்கினோம்.

மங்கள்யான் ஏன் 450 கோடியில் முடிந்தது? கனமான கலத்தைச் சுமக்க வேண்டிய ஜிஎஸ்எல்வி அன்று நம்பகமாக இல்லை. அதனால் சிறிய பிஎஸ்எல்வியில் ஏற்றி, பூமியைச் சுற்றவிட்டு, சிறுகச் சிறுக உந்தி வெளியே அனுப்பினார்கள். இது அபாரமான பொறியியல். அதில் இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால், எடைக்கு வரம்பு விழுந்ததால் ஆய்வுக் கருவிகளுக்கு மிஞ்சியது 15 கிலோதான். அதில் ஐந்து கருவிகள். மங்கள்யான் போய்ச்சேர்ந்த அதே வாரத்தில் செவ்வாயை அடைந்த நாசாவின் மேவன் 67 கோடி டாலர் செலவில் 65 கிலோ கருவிகளைச் சுமந்து போனது. மங்கள்யானின் பாதை செவ்வாயிலிருந்து 70 ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நீண்டு திரும்பியது. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட மீத்தேன் உணரியோ, கரியமில வாயுவின் தடயத்திலிருந்து மீத்தேனைப் பிரித்தறிய முடியாத வடிவமைப்புக் குறையோடு போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் உழைக்கும் என்று அனுப்பிய கலம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உழைத்தது நம் பொறியாளர்களின் திறமை. அதன் கருவிகள் எதை அளந்தன, எதை அளக்கவில்லை என்று இந்த நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? 7 ரூபாய் எல்லோருக்கும் தெரியும்.

மலிவு என்பது எங்கிருந்து வருகிறது என்பதை நாமக்கல் மாவட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் மண்ணுக்கடியில் அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறை கிடக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையோடு இதன் வேதியியல் ஒத்துப்போகிறது. சந்திரயானின் விக்ரம் தரையிறங்கி காலூன்றுவதையும் பிரக்யான் ஊர்தியின் சக்கரம் புதையாமல் உருள்வதையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து டன் கணக்கில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையினர் கைகொடுத்தார்கள். பாறையை வெட்டி, உடைத்து, வேண்டிய பருமனுக்கு அரைத்து, சலித்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். அதற்காகக் கோடிகளில் ஒதுக்கியிருந்த தொகை அநேகமாக அப்படியே மிஞ்சியது, வேலை செய்து கொடுத்தவர்கள் கட்டணம் கேட்கவில்லை என்று அப்போது செய்தி வந்தது. தமிழனாக எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால், யாரோ கூலி வாங்காமல் விட்டுக்கொடுத்ததைத்தான் நாம் சிக்கனம் என்று கணக்கு எழுதுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குப் பெருங்கருவிகள் செய்துகொடுத்த ராஞ்சி கனரகப் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர்கள், நிலவில் நாம் இறங்கிய ஆண்டில் ஒரு வருடத்துக்கும் மேலான சம்பள பாக்கியோடு நின்றார்கள். சந்திரயான்-3-க்காக அந்த நிறுவனம் எதையும் செய்யவில்லை என்று அரசு விளக்கம் தந்தது. சம்பள பாக்கிக்கு அது பதில் ஆகாது.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். 0.64. இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 2020-21-ம் ஆண்டின் அரசுக் கணக்கு இது. அரசு, தனியார், பல்கலைக்கழகம் எல்லாம் சேர்த்து 1.27 லட்சம் கோடி ரூபாய். 2008-09 வாக்கில் இது 0.8-ஐ ஒட்டி இருந்தது. அதாவது செவ்வாய்க்கும் நிலவுக்கும் போய்வந்த இந்தக் காலத்தில்தான் விகிதம் இறங்கியிருக்கிறது. 2003-ம் ஆண்டின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை இதை 2 சதவீதமாக்குவோம் என்றது. 2013-ன் கொள்கை மறுபடி 2 சதவீதம் என்றது. வாஜ்பாய் அரசும் சொன்னது, மன்மோகன் அரசும் சொன்னது. சந்திரயான்-3 பறந்த 2023-24 நிதியாண்டில் விண்வெளித் துறைக்கு பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 12,544 கோடி. முந்தைய பட்ஜெட்டில் 13,700 கோடி. வெற்றி பெற்ற ஆண்டிலேயே பணத்தைக் குறைத்திருந்தார்கள். குறைந்த காசில் செய்துகாட்டுகிறவருக்கு அடுத்த முறை இன்னும் குறைத்துக் கொடுப்பதுதான் நம் நிர்வாக வழக்கம்.

தென்கொரியாவைப் பாருங்கள். நான் இந்த நாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்வதாக நண்பர்கள் குறைப்படுவதுண்டு. சொல்லவேண்டிய அவசியம் தீரும்வரை சொல்வேன். 1970-களில் அந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது அதன் உற்பத்தியில் அரை சதவீதத்தைச் சுற்றித்தான். இன்று சுமார் 5 சதவீதம். 1966-ல் கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த விஞ்ஞானிகளுக்கு அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைவிட அதிகச் சம்பளம் கொடுத்தார்கள். போரில் நொறுங்கிய, பசியிலிருந்து மீளாத ஒரு நாடு, விஞ்ஞானியை மலிவாக வாங்க முயலவில்லை. 2024-க்கான ஆராய்ச்சி நிதியைக் கொரிய அரசு வெட்டியபோது என்ன நடந்தது என்பதும் முக்கியம். பிப்ரவரியில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில், அதிபர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டதாரி எழுந்து நிதியைத் திருப்பிக் கொடு என்று குரல் கொடுத்தார். பாதுகாவலர்கள் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே ஒதுக்கீடு மீண்டும் உயர்ந்தது. அங்கே ஆராய்ச்சி நிதி ஒரு அரசியல் பிரச்சினை. இங்கே ஆராய்ச்சி மாணவர்கள் உதவித்தொகைக்காகப் பல முறை தெருவில் நின்ற பிறகு, 2023-ல் இளநிலை ஆய்வாளருக்கு 31 ஆயிரம் 37 ஆயிரமானது. எந்தக் கட்சியின் மேடையிலும் அது பேச்சாகவில்லை.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்பவர்களுக்கு நான் நேரம் செலவிடப்போவதில்லை. புயல் எச்சரிக்கையைப் பார்த்துக் கரை திரும்பும் நாகப்பட்டினம் மீனவர் அவர்களுக்குப் பதில் சொல்வார். சிக்கனம்தானே இந்தியாவின் பலம் என்று மேலாண்மை வகுப்புகளில் பாடம் எடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். அவர்கள் யாரும் தங்கள் வகுப்புக் கட்டணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தனியார் துறை பணம் போடாததுதான் காரணம் என்கிறார்கள் பொருளாதார நிபுணர்கள். போடவில்லை என்பது உண்மை. அரசே கைகட்டிக்கொண்டு நின்றால் தனியார் ஏன் போடப்போகிறார்கள்?

அரசு எதுவுமே செய்யவில்லையா என்று கேட்கலாம். ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கென 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை 2025 நவம்பரில் தொடங்கினார்கள். தலைப்பைப் படித்தவர்கள் புல்லரித்துப்போனார்கள். உள்ளே படித்தால், அதன் பெரும்பகுதி தனியார் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடனும் பங்கு முதலீடும்தான். அதுவும் சந்தையை நெருங்கிவரும் தொழில்நுட்பங்களுக்கு. ஒரு மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பழுதான கருவிக்கு உதிரிபாகம் வாங்க இதில் ஒரு காசும் வராது. 2022-ல் அதே ஆய்வகக் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. 2024 பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருட்களின் இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதத்துக்கு ஏற்றி, விஞ்ஞானிகள் கூக்குரலிட்ட பிறகு ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும் இறக்கினார்கள். ஒரு ஆய்வகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவரிடமாவது கேட்டிருந்தால் அந்த வரியைப் போட்டிருக்கவே மாட்டார்கள்.

திரும்ப சி62-க்கு வருவோம். சி61 ஏன் தோற்றது என்று ஆராய்ந்த குழுவின் அறிக்கை மக்கள் பார்வைக்கு வராமலேயே அடுத்த பிஎஸ்எல்வி ஏவப்பட்டது. அதே அடுக்கில் மறுபடி தோற்றது. இதை வெறும் தற்செயல் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. குறைந்த காசில், குறைந்த காலத்தில், குறைந்த கேள்விகளோடு செய்து முடிப்பதையே பத்தாண்டுகளாகக் கைதட்டிக் கொண்டாடிய நாடு, தன் ராக்கெட்டையும் அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டது என்பதே என் முடிவு. குறை விஞ்ஞானிகளிடம் இல்லை. விலையைச் சொல்லி அவர்களைப் பாராட்டிய நம்மிடம், நம் தலைவர்களிடம் இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. சி61, சி62 தோல்வி அறிக்கைகளை முழுமையாக வெளியிட வேண்டும். 2003-லிருந்து தள்ளிப்போகும் 2 சதவீதத்துக்கு, எந்த ஆண்டுக்குள் என்று நாடாளுமன்றத்தில் ஒரு தேதி சொல்ல வேண்டும். உங்கள் தொகுதி எம்பியிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.