வண்டி இல்லாத வண்டிப் படம்

சகோதரிகளே, சினிமா என்றால் காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு உரிமை உண்டு. ஏவி.எம். செட்டியார் 'நாம் இருவர்' படத்தை இங்கே எடுத்துத்தானே 1947-ல் வெளியிட்டார்! அந்த உரிமையில் இந்தத் தடவை இரண்டு இந்திப் படங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1958-ல் வந்தது 'சல்தி கா நாம் காடி'. 'ஓடுவதற்குப் பெயர்தான் வண்டி' என்று அர்த்தம். அசோக் குமார், அனூப் குமார், கிஷோர் குமார் மூவரும் நிஜத்திலும் அண்ணன் தம்பிகள், படத்திலும் அப்படியே. மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார்கள். மூத்தவருக்குப் பெண் வாடையே ஆகாது. ஒரு மழை ராத்திரியில் மதுபாலாவின் கார் நின்றுபோகிறது. கிஷோர் சரிபண்ணிக் கொடுக்கிறார். அம்மணி கூலி கொடுக்காமலே போய்விடுகிறாள்! 5 ரூபாய் 12 அணா பாக்கி. அதை வசூலிக்கப் போகிற இடத்தில்தான் காதலும் கலாட்டாவும். பாஷை தெரியாத எனக்கே வயிறு வலித்தது, போங்கள்!

16 வருஷம் கழித்து, 1974-ல், அதே சகோதரர்களை வைத்து 'பட்தி கா நாம் தாடி' என்று ஒரு படம் எடுத்தார் கிஷோர். 'வளர்வதற்குப் பெயர்தான் தாடி'யாம்! பெயரைக் கேட்டதும் பட்டறையும் ஓட்டைக் காரும் மறுபடி வரும் என்று ஆசையாக உட்கார்ந்தால், தாடி வளர்க்கும் போட்டி வருகிறது. ஜெயித்தவருக்குச் சொத்து! மதுபாலாவும் இல்லை, பாவம், 1969-லேயே காலமாகிவிட்டார். ஒட்டுத் தாடியும் ஓட்டமும் கூச்சலும்தான் மிச்சம். என் பிள்ளைகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

ஏன் இப்படி? முதல் படத்தில் சிரிப்பு உழைப்பிலிருந்து வந்தது. கையில் கிரீஸ், மேலே அழுக்கு, வேலை பார்த்தவன் கூலி கேட்கிறான். நம் வீட்டு மளிகைக் கணக்கு மாதிரி நமக்குப் புரிகிறது. இரண்டாவதில் யாரும் உழைக்கவில்லை, சொத்துக்காகத் தாடி வளர்க்கிறார்கள். அதில் நமக்கு என்ன ஒட்டுதல் வரும்?

நம் பக்கத்துப் பெரிய வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். தாத்தா காலத்துக் கார் கொட்டகையில் கட்டை மேல் நிற்கும். அந்த நாளில் டிரைவர் தினமும் துடைத்து, தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பார்த்து ஓட்டியதால் அது கார். இப்போது பேரப்பிள்ளைகள் விசேஷத்துக்கு வந்தால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டரி செத்து, டயர் வெடித்து, எலி கூடு கட்டியிருப்பது போட்டோவில் தெரியாதே!

பெரியவர்கள் விட்டுப்போகிற பெயர் நமக்குச் சும்மா கிடைத்துவிடுகிறது, அவர்கள் பட்ட பாடு கூடவே வருவதில்லை. கடைப் பொடியைக் கொட்டிவிட்டு 'ஆச்சி கைப்பக்குவம்' என்று சொன்னால் நாக்கு நம்புமா? ஆகவே பிள்ளைகளிடம் குடும்பப் பெருமையைச் சொல்லும்போது, அதற்கான வேலையில் கொஞ்சத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். கொட்டகையில் கார் இருந்தால் முதலில் ஒரு பழந்துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கை அப்புறம் கூப்பிடலாம்.