ட்ரோன்களுக்கு விதி வேண்டும். விதிக்கும் ஓர் எல்லை வேண்டும்

கண்டி மாநகரிலும் அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை முதலான சுற்றுப்புற நகரங்களிலும் திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட இளைஞர்களுக்கு ட்ரோன் கெமரா இன்று ஆடம்பரப் பொருளன்று. பலர் கடன்பட்டு வாங்கிய தொழிற்கருவி அது. ஆகவே, ட்ரோன்களைப் பறக்கவிடுவது தொடர்பில் அரசாங்கம் விதிக்கும் ஒவ்வொரு புதிய கட்டுப்பாடும் அவர்களது குடும்ப வருமானத்தை நேரடியாகப் பாதிக்கின்றது.

கட்டுப்பாடே தேவையில்லை என எவரும் வாதிட முடியாது. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலைக் கண்டி மறக்கவில்லை. 2007 மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது அவர்கள் சிறிய விமானங்களிலிருந்து குண்டு வீசிய பின்னர், வானிலிருந்தும் ஆபத்து வரலாம் என்ற அச்சம் பாதுகாப்புத் தரப்பினரின் மனதில் ஆழப் பதிந்துவிட்டது. எசல பெரஹெராவின்போது யானைகளும் மக்களும் நெருங்கி நிற்கும் வீதிக்கு மேலாக ட்ரோன் பறப்பது ஆபத்தானது. அயல் வீட்டு முற்றத்தையும் அங்குள்ள பெண்களையும் மேலிருந்து படம்பிடிப்பதை எந்தச் சமூகமும் ஏற்காது.

பிரச்சினை விதியில் இல்லை. விதி உருவாக்கப்படும் முறையிலும் பிரயோகிக்கப்படும் முறையிலுமே உள்ளது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிய உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து, சில தினங்களிலேயே நாடெங்கிலும் ட்ரோன் அனுமதிகள் அனைத்தையும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை மறு அறிவித்தல் வரை இடைநிறுத்தியது. அன்றைய சூழ்நிலையில் அதனைத் தவறெனக் கூறுவதற்கில்லை. ஆயினும், 'மறு அறிவித்தல் வரை' என்ற சொற்றொடருக்கு நாட்காட்டியில் இடமில்லை. முற்பணம் பெற்ற படப்பிடிப்பாளர் வாடிக்கையாளருக்கு என்ன பதில் கூறுவார்? மாதத் தவணையை எவ்வாறு செலுத்துவார்?

சாதாரண காலங்களிலும் நடைமுறை எளிதன்று. அதிகாரசபையின் தலைமையகம் கட்டுநாயக்கவில். அனுமதி வழங்கும் பாதுகாப்பு அமைச்சு அக்குரேகொடையில். இறக்குமதியுடன் தொடர்புடைய தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கொழும்பில். தொழில்நுட்ப விதிகளோ ஆங்கிலத்தில். கொழும்பிலுள்ள பெரிய விளம்பர நிறுவனம் இவற்றைக் கவனிக்க ஒருவரை நியமித்துக்கொள்ளும். நாவலப்பிட்டியிலுள்ள தனிமனிதரால் அது இயலாது. தமிழும் அரச கரும மொழியென 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுகின்றது. தண்டனைக்குரிய விதியைத் தன் மொழியில் வாசிக்க வழியில்லாதவனை அவ்விதியை மீறியதற்காகத் தண்டிப்பது நீதியாகாது.

தமிழ், முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை இதற்கு மற்றுமொரு பரிமாணமும் உண்டு. 2018 மார்ச்சில் திகனவிலும் அக்குறணையிலும் வன்முறைக்கு இலக்கான சமூகம், அடுத்த ஆண்டே சந்தேகக் கண்கொண்டு நோக்கப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்படுதல் என்னவென்பதைத் தமிழர்கள் நாற்பதாண்டு காலமாக அறிவர். தண்டப்பணத்துடன் முடிய வேண்டிய ஒரு விதிமீறல், பெயரையும் முகவரியையும் பார்த்தவுடன் பாதுகாப்பு விசாரணையாக மாறிவிடக் கூடாது. விதி தெளிவற்றிருக்கும் இடத்தில் அதிகாரியின் தற்றுணிபே சட்டமாகிவிடும். அத்தற்றுணிபு எல்லோர் மீதும் ஒரே அளவில் பாய்வதில்லை என்பது நமது அனுபவம்.

ஏனைய நாடுகளின் அனுபவம் கவனிக்கத்தக்கது. ட்ரோன்கள் தமது அடையாளத்தை வானிலிருந்தே வெளிப்படுத்த வேண்டுமென அமெரிக்கா 2019 டிசம்பரில் ஒரு வரைவை வெளியிட்டது. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான கருத்துகள் கிடைத்தன. இதையடுத்து, இணையத்தின் வழியே தகவல் அனுப்பவேண்டும் என்ற நிபந்தனை 2021 ஜனவரியில் வெளியான இறுதி விதியில் கைவிடப்பட்டது. இந்தியா 2021 ஓகஸ்டில் படிவங்களை 25இலிருந்து 5ஆகக் குறைத்தது. வான்பரப்பைச் சிவப்பு, மஞ்சள், பச்சை வலயங்களாக வரைபடத்தில் காட்டி, பச்சை வலயத்தில் 400 அடி உயரம் வரை முன்னனுமதியின்றிப் பறக்க இடமளித்தது. அதே இந்தியா 2025 செப்டெம்பரில் சிறைத்தண்டனையையும் உள்ளடக்கிய சட்டமூல வரைவொன்றை முன்வைத்தபோது அத்துறையினர் ஆட்சேபித்தனர். ஆட்சேபிக்க முடிந்தது, வரைவு அவர்களது கைக்குக் கிடைத்ததனாலேயே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைச் சிதைத்துப் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. பாதைகள் துண்டிக்கப்பட்ட கிராமத்தின் நிலையை அறிய மேலிருந்து எடுக்கப்படும் ஒரு படம் எத்துணை உதவும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மீட்பு ஹெலிகொப்டர்கள் பறக்கும் வானில் அனுமதியற்ற ட்ரோன் பேராபத்து என்பதும் உண்மையே. பயிற்சி பெற்ற உள்ளூர் இயக்குநர்களை முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருந்தால், அனர்த்த வேளையில் அவர்களை விலக்கி வைப்பதற்குப் பதிலாகப் பணியில் இணைத்துக்கொள்ளலாம்.

ஆதலால், எப்புதிய விதியும் வர்த்தமானியில் வெளிவருமுன் அதன் வரைவு மும்மொழிகளிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தலதா மாளிகைச் சூழல் உட்பட, தடைசெய்யப்பட்ட இடங்கள் வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். விண்ணப்பங்களைக் கண்டி மாவட்டச் செயலகத்திலேயே கையளிக்க வழி வேண்டும். அவசரத் தடை எதுவாயினும் அது முடிவடையும் திகதியும், மறுக்கப்பட்ட அனுமதிக்கு மேன்முறையீடும் இருக்க வேண்டும். தவறுக்கும் குற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இவற்றால் நாட்டின் பாதுகாப்புக்குக் குறைவு நேராது. விதியை அறிந்தவன் அதற்குக் கட்டுப்படுவான். அறிய வழியற்றவன் ஒன்றில் தொழிலைக் கைவிடுவான், அன்றேல் ஒளித்துச் செய்வான். இவ்விரண்டில் எதுவும் அரசுக்கு நன்மையன்று.