"ம்ம்... சொல்லு மச்சி"

போன செமஸ்டர் ரிசல்ட் வந்த ராத்திரி. ரூம்மேட் கட்டில்ல உட்கார்ந்து ஏதோ சொல்லிட்டு இருந்தான். எனக்கு ஒரு காதுல இயர்போன், கையில போன். நடுநடுவுல "ம்ம்... சொல்லு மச்சி"ன்னேன். அவன் நிறுத்தினதும் "ஓகே விடுடா, பாத்துக்கலாம்"னேன். அவனும் "சரிடா"ன்னுட்டுப் படுத்துட்டான். அரியர் புலம்பல்னு நினைச்சேன்.

மூணு வாரம் கழிச்சு பக்கத்து ரூம் பையன் சொல்லித்தான் தெரிஞ்சது. அவங்க அப்பாவுக்கு வேலை போயிடுச்சாம். படிப்பை நிறுத்திடலாமான்னு யோசிக்கிறானாம். "என்கிட்ட ஏன்டா சொல்லலை?"ன்னு சண்டைக்கே போனேன். "உன்கிட்டதான்டா முதல்ல சொன்னேன்"னான்.

அதுக்கப்புறம் "ஓகே"ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு டெனரீஃப் ஞாபகம்தான். விமானப் பைத்தியங்களுக்குத் தெரிஞ்ச கதை. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான அந்தத் தீவின் விமான நிலையம். ஓடுபாதையை மறைக்கும் பனிமூட்டம், அதில் இரண்டு போயிங் 747. கேஎல்எம் விமானத்துக்குக் கிடைத்தது மேலே போன பிறகு செல்ல வேண்டிய பாதைக்கான அனுமதி மட்டும்தான். கிளம்புவதற்கான அனுமதி இல்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, தாங்கள் டேக்ஆஃபில் இருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். கோபுரத்திலிருந்து முதலில் வந்த பதில், "ஓகே." காத்திருக்கச் சொன்ன மிச்ச வார்த்தைகள், அதே நொடியில் பான் ஆம் விமானிகளும் ரேடியோவில் பேசியதால் இரைச்சலாகிப் போயின. எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார். கேப்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. டேக்ஆஃப் என்ற சொல்லை அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டும்தான் சொல்ல வேண்டும். அனுமதி வந்தால் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் ஓகே செல்லாது.

பிளேஸ்மெண்ட் டிரெய்னிங்ல கவனிச்சுக் கேட்பதுன்னா கண்ணைப் பாரு, தலையாட்டுன்னு சொல்லித் தர்றாங்க. என் கருத்துல அது பாதி நடிப்பு. நானும்தான் அன்னைக்குத் தலையாட்டினேன். 1957-இல் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் இதைப் பற்றி எழுதியபோது வற்புறுத்தியது வேற: எதிராளி சொன்னதை அவன் பக்கத்துல இருந்து புரிஞ்சுக்கிட்டோமான்னு அவன்கிட்டயே சொல்லிப் பார்க்கணும். அதுக்காகக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சா நண்பன் செருப்பைத் தேடுவான், அது வேற விஷயம். "அப்ப காலேஜை விட்டுடலாம்னு யோசிக்கிறியா?"ன்னு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்.

நம்ம டிபார்ட்மெண்ட் வியாதி இன்னொண்ணு இருக்கு: எவன் எதைச் சொன்னாலும் உடனே டீபக் பண்ண உட்கார்ந்துடுவோம். விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு நான் அவனுக்கு அனுப்பினது கல்விக்கடன் லிங்க் நாலு. ஒண்ணைக்கூட அவன் திறக்கலை. பக்கத்து ரூம் பையன் ஒண்ணுமே அனுப்பலை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மொட்டை மாடியில கூட உட்கார்ந்திருந்தான். பேங்குக்கும் அவனைத்தான் கூட்டிட்டுப் போனான்.

போன வாரம் ரூமுக்குள்ள வந்தவன், "மச்சி, அந்த லோன்..."னு ஆரம்பிச்சான். என் கையில இருந்த போனைப் பார்த்தான். "ஒண்ணுமில்லடா, நீ பாரு"ன்னான். போனைக் கவுத்து வெச்சுட்டு நிமிர்றதுக்குள்ள துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டான்.