‘டே பை டே’ மனுக்கள்

பெங்களூர் பிரேசர் டவுனில் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பது எனக்கு வழக்கம். மாநகராட்சியோ குடிநீர் வாரியமோ, யாருக்கு எழுதினாலும் வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: “டே பை டே ப்ராப்ளம் இன்க்ரீஸ் ஆகுதுன்னு போடுங்க சார்.” ஐ.டி. பிள்ளைகள் என்றால் ‘அலார்மிங் ரேட்’, ‘அவுட் ஆஃப் கன்ட்ரோல்’ என்பார்கள். இங்கிலீஷில் நாலு வார்த்தை விழுந்தால் அதிகாரி மிரண்டுவிடுவார் என்று நம்பிக்கை.

எங்கே மிரள்கிறார்? கொசுவுக்கும் அதே வரி, சாக்கடைக்கும் அதே வரி, மாஸ்க் ரோட்டில் ரம்ஜான் ராத்திரி வண்டி நெரிசலுக்கும் அதே வரி. அடுத்த தாளைப் புரட்டிவிடுவார். (1898 பிளேக்குக்குப் பிறகு, ஊர் நெரிசலைக் குறைக்கவென்று உண்டான பேட்டை எங்கள் பிரேசர் டவுன்!)

2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் உத்தரவு போட்ட சமயம், கீழ்வீட்டு அம்மா வந்தார். “முன்னே அரை மணி மோட்டார் போட்டா டேங்க் ரொம்பிடும். இப்ப ரெண்டு மணி நேரம் ஓடியும் பாதிகூட ஏறல. போன வாரத்திலிருந்து தண்ணி செம்மண்ணா வருது.” இதைவிட என்ன மனு வேண்டும்? அப்படியே எழுதினேன். படித்துக் காட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “டே பை டே போடலியே சார்?”

அந்த மாதிரி வரி சில சமயம் நம் காலையே வாரிவிடும். 2024 ஏப்ரல் 28 அன்று பெங்களூரில் 38.5 டிகிரி வெயில். 2016 ஏப்ரல் 24 அன்றோ 39.2. ‘வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது’ என்று எழுதினால், இந்த இரண்டு எண்ணை வைத்தே நம்மை மடக்கிவிடலாம். ஊர் சூடாகிறது என்பது மெய்தான். அதற்காக வெயில் படிக்கட்டு ஏறுவதுபோல ஏறாது.

மனுவைக் கன்னடத்திலோ இங்கிலீஷிலோதான் கொடுத்தாக வேண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. எப்போதிலிருந்து, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று மட்டும் கேட்பேன். சிலருக்கு இதுவே பெரிய தொல்லை. கோபித்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே கம்ப்யூட்டரில் ‘டே பை டே’ ஏற்கெனவே அடித்துத் தயாராக இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.