இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆஸ்தி யாருடைய ஆஸ்தி?

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் முதன் முதலாகச் சொல்லுவது என்ன? "எங்கள் கம்பெனிக்கு இத்தனை ஆயிரம் கோடி ரூபாய் ஆஸ்தி இருக்கின்றது" என்பதேயாகும். நாமும் அதைக் கேட்டு வாயைப் பிளந்து கையெழுத்துப் போட்டு விடுகின்றோம். ஒரு மளிகைக் கடைக்காரர் தம் கடையில் லட்ச ரூபாய்க்குச் சரக்கு இருக்கின்றது என்று சொன்னால், மண்டிக்கு எவ்வளவு பாக்கி என்று உடனே கேட்கத் தெரிந்த நமக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மட்டும் அந்தக் கேள்வி ஏன் வருவதில்லை?

தோழர்களே! அந்த ஆஸ்தி என்பது நீங்களும் நாமும் மாதா மாதம் கட்டிய பிரீமியமும், அதன் மேல் வந்த வட்டியுமேயாகும். கட்டியவன் செத்தால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும், சாகாமலிருந்தால் கெடு முடிந்தவுடன் அவனுக்கே திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம் அது. ஆகவே கம்பெனியார் ஆஸ்தி என்று எதைக் காட்டிப் பெருமை பேசுகின்றார்களோ, அதில் பெரும் பாகத்துக்கு எதிரே அதே அளவு கடன் எழுதப்பட்டிருக்கின்றது. இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி வைத்து நடத்துவதுதான் இன்ஷூரன்ஸ் தொழில். மற்றதெல்லாம் விளம்பரம்.

இந்தப் பணத்தைத் தம் பணமென்று எண்ணியவர்களின் யோக்கியதை நம் தேசத்தில் முன்னமே வெளியாகி இருக்கின்றது. டால்மியா என்னும் கோடீசுவரர், தம் கைக்குள் இருந்த பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துப் பங்கு மார்க்கெட் சூதாட்டத்தில் விட்ட சங்கதி 1955-ல் அம்பலமாயிற்று. நம்பிக்கை மோசடி என்று அவர் ஜெயிலுக்குப் போனார். 1956 ஜனவரியில் நிதி மந்திரியாயிருந்த தேஷ்முக், முந்திய பத்தாண்டில் 25 கம்பெனிகள் திவாலாயின என்றும், இன்னும் 25 கம்பெனிகள் முதலை வீணாக்கியதால் பாலிசிதாரர்களுக்கு நஷ்டத்துடன் வேறு கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன என்றும் எடுத்துச் சொன்னார். அதன்மேல் 245 ஸ்தாபனங்களின் ஆயுள் இன்ஷூரன்ஸ் வியாபாரத்தைச் சர்க்கார் ஏற்று, 1956 செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்பட்டது.

முதலாளி ஒழிந்தான், இனி மோசமில்லை என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஒரு வருஷமாவது கழிந்ததா? 1957-ல் முந்திரா என்பவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை, கார்ப்பரேஷனின் முதலீட்டுக் கமிட்டியைக் கலந்து கொள்ளாமலே சுமார் 1¼ கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் கிளப்பி விட்டார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமாச் செய்தார். இதிலிருந்து தெரிவதென்ன? பெட்டிச் சாவி முதலாளியிடமிருந்து சர்க்காரிடம் மாறினால் மட்டும் போதாது, பெட்டியைத் திறக்கும்போது கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்பதேயாகும்.

நிற்க, இவையெல்லாம் கைநீட்டல் சங்கதி. இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அதில் திருடனே கிடையாது. ஆகையால்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒருவரிடம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 20 வருஷம் கழித்து வருஷம் 8 வட்டி வீதம் கூட்டு வட்டியுடன் தருவதாக எழுதிக் கொடுக்கின்றீர்கள். கடைசியில் தரவேண்டியது 4,661 ரூபாய். ஆனால் நீங்கள் அந்தப் பணத்தை 5 வருஷத்துக்கு மட்டும் 8 வட்டிக்கு விடுகின்றீர்கள். கெடு முடிந்து பணம் திரும்பும்போது ஊரில் வட்டி 5 ஆக இறங்கிவிட்டது. மீதி 15 வருஷமும் 5 வட்டிதான். முடிவில் உங்கள் கையில் இருப்பது 3,055 ரூபாய். துண்டு விழுந்தது 1,606 ரூபாய். இதில் யார் திருடினார்கள்? ஒருவருமில்லை. கடனுடைய கெடுவும் முதலீட்டினுடைய கெடுவும் பொருந்தவில்லை, அவ்வளவே. இதற்கு எதிர்மாறான கேடும் உண்டு. பணத்தையெல்லாம் கட்டடத்திலும் நிலத்திலும் போட்டு முடக்கிவிட்டால், பாலிசிதாரர்கள் பீதியடைந்து ஒரே சமயத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, அவற்றை வந்த விலைக்குத் தள்ளவேண்டி வரும்.

இது ஏட்டுக் கணக்கல்ல. இங்கிலாந்தில் ஈக்விடபிள் லைப் என்று ஒரு சங்கம். 1762-ல் ஏற்பட்டது. இன்ன வயதுக்கு இன்ன பிரீமியம் என்று மரணக் கணக்கின்படி வாங்க உலகத்துக்கே வழி காட்டியது அதுதான். அதற்குப் பங்குதாரர்களே இல்லை, பாலிசிதாரர்கள்தான் சொந்தக்காரர்கள். இதைவிட யோக்கியமான ஏற்பாடு வேறென்ன வேண்டும்? அப்படிப்பட்ட சங்கம் 1957 முதல் 1988 வரையில் விற்ற பென்ஷன் பாலிசிகளில், ஓய்வு பெறும்போது இன்ன விகிதத்துக்குக் குறையாமல் வருஷாந்தரப் பணம் தருவதாக உறுதி எழுதிக் கொடுத்தது. வட்டி உயர்ந்திருந்த காலத்தில் அந்த உறுதிக்கு விலையே இல்லாதது போல் தோன்றிற்று. 1990-க்குப் பிறகு வட்டி இறங்கிற்று, மனிதர் ஆயுளும் நீண்டது. எழுதிக் கொடுத்த விகிதம் மார்க்கெட் விகிதத்துக்கு மேலே போய்விட்டது.

அப்பொழுது டைரக்டர்கள் என்ன செய்தார்கள்? நல்ல வருஷங்களில் சேர்த்து வைத்திருக்கவேண்டிய பணத்தை முன்னமே போனஸாக வாரி விட்டிருந்தார்கள். கையிருப்பில்லை. ஆகவே, உறுதியைக் கேட்டு வந்தவர்களுக்கு இறுதிப் போனஸைக் குறைத்து ஈடுகட்டப் பார்த்தார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் இந்த வித்தை செல்லாது என்று 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பின் சுமை சுமார் 150 கோடிப் பவுன். சங்கத்தை விலைக்குக் கூறினார்கள், வாங்க ஆளில்லை. 2000 டிசம்பரில் புது வியாபாரத்தை நிறுத்தினார்கள். 2001 ஜூலையில் லாபப் பங்குள்ள பென்ஷன் பாலிசிகளின் மதிப்பில் 100-க்கு 16 வீதம் வெட்டினார்கள். பங்குதாரர் இல்லாத சங்கமல்லவா? நஷ்டத்தைத் தாங்க வேறு தலை ஏது? பாலிசிதாரர் தலைதான்.

மேற்பார்வை பார்க்கவேண்டிய சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் பல வருஷம் தூங்கினார்கள் என்று 2008-ல் பார்லிமெண்டின் குறைகேள் அதிகாரி அறிக்கை கொடுத்தார். 400 கோடிப் பவுனுக்கு மேல் நஷ்டம் என்று கணக்கான இடத்தில், சர்க்கார் 2010-ல் ஒதுக்கியது 150 கோடி. சாவைக் கணக்கிட உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த சங்கம், வட்டியைக் கணக்கிடாமல் செத்தது!

"இதெல்லாம் ஆக்சுவரி என்னும் கணக்கு நிபுணர் பார்த்துக் கொள்ளுவார், குடியானவனுக்கு இந்த விசாரம் ஏன்?" என்று சிலர் கேட்கலாம். ஈக்விடபிளில் ஆக்சுவரி இல்லாமலா இருந்தார்? தலைமை நிர்வாகியே ஒரு காலத்தில் ஆக்சுவரிதானே! நிபுணரை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கேள்வி கேட்பாரில்லாத நிபுணர் எப்பேர்ப்பட்டவரானாலும் ஆபத்துதான் என்று சொல்லுகின்றோம்.

நம் நாட்டில் இன்று கம்பெனிகள் சட்டம் குறித்த அளவைப் போல் ஒன்றரை மடங்கு உபரி ஆஸ்தி காட்ட வேண்டுமென்று விதி இருக்கின்றது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பாலிசித் தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் 1956-ம் வருஷத்துச் சட்டத்தின் 37-வது பிரிவின்படி சர்க்கார் ஜவாப்தாரி. நல்லதுதான். ஆனால் சர்க்கார் ஜவாப்தாரி என்றால் என்ன அர்த்தம்? துண்டு விழுந்தால் வரி கொடுப்பவன் கட்டுவான், அதாவது நீங்களே கட்டுவீர்கள் என்றுதானே அர்த்தம்? அன்றியும், தனியார் கம்பெனிகளுக்கு அந்த ஜவாப்தாரியும் கிடையாது.

ஆகவே, அடுத்த தடவை ஏஜெண்டு வந்து ஆஸ்தி பெருமை பேசினால், அவரை உட்கார வைத்து மோர் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். கம்பெனி கொடுக்கவேண்டியது எவ்வளவு, எப்பொழுது? அந்தக் கெடுவுக்குப் பொருந்தும்படி பணத்தை எதில் போட்டிருக்கின்றீர்கள்? நீங்கள் சொல்லும் வருமானத்தில் எழுதிக் கொடுத்த உறுதி எவ்வளவு, வாய்ப் பேச்சு எவ்வளவு? அவருக்குப் பதில் தெரியாவிட்டால் கம்பெனிக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல, அது உங்கள் பணம். கையெழுத்துப் போடும் நாளில் வெட்கப்பட்டு வாய் மூடியிருந்து, கெடு முடிந்த நாளில் தலையிலடித்துக் கொள்ளுவதால் யாருக்கு என்ன பிரயோஜனம்?